குதிரைக்கு வயிறு வலித்தால்

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. புதிதாகக் குதிரை வளர்க்க வருகிறவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். நாய் ஒத்துக்கொள்ளாததைத் தின்றால் கக்கிவிடும். மாடு தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். குதிரைக்கு இந்த இரண்டு வழியும் இல்லை. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் உள்ள தசை வளையம் அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போக விடும், திரும்பி வர விடாது. நல்லதோ கெட்டதோ, வாய்க்குள் போனது ஏறத்தாழ 30 மீட்டர் நீளப் பாதையைக் கடந்து பின்பக்கமாகத்தான் வெளியே வர வேண்டும். வழியில் எங்கே தடை விழுந்தாலும் அது வலி. அந்த வலிக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் கோலிக். நம் பக்கத்துப் பெரியவர்கள் சூலை என்பார்கள், வயிற்று நோவு என்பார்கள்.

கோலிக் என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. தலைவலி மாதிரிதான். தூக்கம் கெட்டாலும் தலை வலிக்கும், மூளையில் கட்டி இருந்தாலும் தலை வலிக்கும். அதுபோலக் குதிரையின் வயிற்று வலிக்கும் பத்துப் பதினைந்து காரணங்கள் உண்டு. கொஞ்சம் காற்று அடைத்து, அரை மணி நேரத்தில் தானாகச் சரியாவதும் கோலிக். குடல் முறுக்கிக்கொண்டு, விடிவதற்குள் உயிரை எடுப்பதும் கோலிக். இரண்டும் தொடக்கத்தில் ஒரே மாதிரி தெரியும் என்பதுதான் இதில் உள்ள கஷ்டம்.

எங்கள் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் அதிகம் இல்லை. கடற்கரையில் சவாரிக்கு விடுபவர்கள், வண்டிப் பந்தயத்துக்கு வளர்ப்பவர்கள், கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் விழாவுக்கும் வாடகைக்கு அனுப்புபவர்கள் என்று கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். ஆட்டுக்கோ மாட்டுக்கோ ஒன்று என்றால் தெருவில் யாரைக் கேட்டாலும் வைத்தியம் சொல்வார்கள். குதிரைக்குச் சொல்ல ஆளில்லை. அதனால் மாட்டுக்குச் செய்வதையே குதிரைக்கும் செய்துவிடுகிறோம். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் அதில் குதிரை செத்துப்போகலாம். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

என் தாய்மாமன் ஒரு பெண் குதிரை வைத்திருக்கிறார். செவலை நிறம், பெயரும் செவலைதான். ஒரு மாசி மாத ராத்திரி அது படுத்தது, எழுந்தது, திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது, முன்னங்காலால் தரையைப் பறித்தது. மேலுதட்டை மடக்கி மேலே தூக்கிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "வாயுப்பா. இஞ்சியும் பெருங்காயமும் கரைச்சு ஊத்து, சரியாப் போகும்" என்றார். மாமா மூங்கில் குழாயைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் முதலில் சொன்ன வார்த்தை, "ஒரு சொட்டுகூட வாயில ஊத்திராதீங்க. நான் வர்றேன்." அந்த ராத்திரி அவர் வந்ததிலிருந்து விடியும்வரை செய்ததையும் சொன்னதையும் வைத்துத்தான் நான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

வயிறு எப்படி அமைந்திருக்கிறது

குதிரையின் உடம்பைப் பார்த்தால் பெரிய வயிறு என்று தோன்றும். உண்மையில் அதன் இரைப்பை சிறியது. முழு வளர்ச்சியடைந்த பெரிய குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். காரணம், அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்காகப் பிறந்த விலங்கு. காட்டுக் குதிரை ஒரு நாளில் பாதிக்கு மேற்பட்ட நேரம் மேய்ந்துகொண்டே இருக்கும். நாமோ காலையில் ஒரு கூடை, சாயங்காலம் ஒரு கூடை என்று கொட்டிவிட்டு நடுவில் பட்டினி போடுகிறோம்.

இரைப்பைக்குப் பிறகு நீளமான சிறுகுடல். அதற்குப் பிறகுதான் உண்மையான சமையல்கட்டு வருகிறது. மாட்டுக்கு நார் செரிப்பது முன்பக்கம், அசை வயிற்றில். குதிரைக்கு அது பின்பக்கம், பெருங்குடலில். பெருங்குடலின் தொடக்கத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு பெரிய பை இருக்கிறது. அதையடுத்து மூன்று மீட்டருக்கு மேல் நீளும் பருத்த குடல், மடித்து மடித்து வைத்தாற்போல. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அங்கே உட்கார்ந்து புல்லைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. புளிக்கும் இடத்தில் காற்றும் உண்டாகும்.

இந்தப் பருத்த குடல் ஓரிடத்தில் கொண்டை ஊசி வளைவுபோலத் திரும்புகிறது. திரும்பும் இடத்தில் அகலம் சட்டென்று குறைகிறது. நான்கு வழிச் சாலை திடீரென்று ஒற்றைப் பாலமாக மாறினால் என்ன ஆகும்? அங்கே நெரிசல்தான். காய்ந்த தீவனம், போதாத தண்ணீர், மணல் எல்லாம் வந்து சேர்ந்து அடைத்துக்கொள்ளும் இடங்களில் இதுவும் ஒன்று. அப்புறம், இந்தப் பெருங்குடல் வயிற்றுச் சுவரோடு பெரும்பாலும் கட்டப்படாமல் தளர்வாகக் கிடக்கிறது. காற்று நிறைந்தால் மிதந்து இடம் மாறும். சில நேரம் முறுக்கிக்கொள்ளும். முறுக்கு விழுந்தால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். அதற்குப் பிறகு கையில் இருப்பது சில மணி நேரம்தான்.

மணல்

நம் கரையில் குதிரை வளர்ப்பவர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது மணல் கோலிக். குதிரை மணலைத் தின்னுமா என்று கேட்கலாம். வேண்டுமென்று தின்பது குறைவு. நாம்தான் ஊட்டுகிறோம்.

மாமா வீட்டுக் கொட்டகையில் நடந்ததைச் சொல்கிறேன். ஊறவைத்த கொள்ளைச் சின்ன அலுமினியத் தட்டில் வைப்பார். செவலை மூக்கால் இடித்துத் தட்டைக் கவிழ்க்கும். கொள்ளு மணலில் சிதறும். குதிரையின் மேலுதடு நம் விரல் மாதிரி. ஒவ்வொரு மணியாகத் துழாவி எடுக்கும். ஒரு கொள்ளுக்குப் பத்து மணல் துகள் சேர்ந்து போகும். கடைசி மணி தீர்ந்த பிறகும் வாசனைக்காக அந்த இடத்தை நக்கிக்கொண்டே நிற்கும். வைக்கோலையும் தரையில்தான் போடுவார். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தரையில் போடாவிட்டாலும் மணல் பறந்து வந்து விழும். மேய விட்டாலோ, கடலோர மணலில் புல்லுக்குப் பிடிப்பு குறைவு, இழுத்தால் வேரோடு வரும். வேரில் ஒட்டிய மணலும் வயிற்றுக்குப் போகும்.

மணல் கனமானது. தண்ணீரோடும் தீவனத்தோடும் மிதந்து போகாமல் பெருங்குடலின் அடிப்பகுதியில் தங்கிவிடும். ஆற்றுப்படுகையில் மணல் படிவதுபோல நாளாக நாளாகப் படியும். குடலின் உள்சுவரை அரம்போல உராயும். அதனால் சில குதிரைகளுக்கு முதலில் தெரிவது வலி இல்லை, பேதி. எடை குறையும், லத்தி இளகிப் போகும், மற்றபடி நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஒரு நாள் எடை தாங்காமல் அடைத்துக்கொள்ளும்.

அன்று ராத்திரி மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைச் செவலையின் வயிற்றுக்கு அடியில், முன்னங்கால்களுக்குப் பின்னால் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு அதைக் கழற்றி என் காதில் மாட்டினார். "நல்லாக் கேளுங்க தம்பி. என்ன கேக்குது?" முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே எங்கோ அலை ஒன்று கரையில் ஏறி, மணலை இழுத்துக்கொண்டு திரும்பியது. சர்ர்ர் என்று. வெளியே நூறு அடி தூரத்தில் இருந்த கடலும் அதே ஓசையைத்தான் எழுப்பிக்கொண்டிருந்தது. குடல் அசையும்போது உள்ளே கிடக்கும் மணல் நகர்கிற ஓசை அது. உலகம் முழுக்கக் கால்நடை மருத்துவர்கள் அதைக் கடற்கரை அலையோடுதான் ஒப்பிடுகிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

இந்த ஓசையைக் கேட்கப் பழக்கம் வேண்டும். ஆனால் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. புதிதாகப் போட்ட லத்தியில், தரையில் படாத மேல் உருண்டைகளாக ஐந்தாறு எடுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டிவிட்டு, அதில் உருண்டைகளைப் போட்டு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கரையுங்கள். கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் நார் மிதக்கும், மணல் அடியில் கோடாக நிற்கும். ஒரு டீஸ்பூன் அளவுக்கு மேல் நின்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒன்று நினைவில் இருக்கட்டும்: பாட்டிலில் மணல் இல்லை என்பதால் வயிற்றில் இல்லை என்று ஆகிவிடாது. சில குதிரைகள் வெளியே விடாமல் உள்ளேயே சேர்த்துவைக்கும்.

சீமைக்கருவேலங்காயையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் அது இல்லாத இடம் ஏது. மஞ்சளாகப் பழுத்த காய் இனிப்பாக இருக்கும், குதிரைக்கு ரொம்பப் பிடிக்கும். நாலு காய் தின்றால் ஒன்றும் ஆகாது. மேய்ச்சல் இல்லாத கோடையில் அதையே வயிறு நிறையத் தின்றால் காயின் நாரும் கொட்டையும் குடலில் கட்டிக்கொண்டு அடைக்கும். காய் உதிரும் காலத்தில் அந்த மரத்தடியில் கட்டாதீர்கள்.

எதைப் பார்க்க வேண்டும்

வலியில் இருக்கும் குதிரை பேசும், நாம் கேட்கப் பழக வேண்டும். தீவனத்தைத் தொடாது. முன்னங்காலால் தரையைப் பறிக்கும். கழுத்தைத் திருப்பி விலாவைப் பார்க்கும், சில நேரம் கடிக்கப் போகும். மூத்திரம் போவதுபோல உடம்பை நீட்டிக்கொண்டு நிற்கும், ஆனால் போகாது. படுக்கும், எழும், மறுபடி படுக்கும். வலி கூடினால் உருளும், உழைக்காமலே வியர்க்கும். நல்ல நிலையில் இருக்கும் குதிரை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை லத்தி போடும். காலையில் கொட்டகை வழக்கத்துக்கு மாறாகச் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், கவலைப்படுங்கள்.

இதோடு மூன்று விஷயங்களை எண்ணத் தெரிந்துகொண்டால், போனில் பேசும்போது மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். முதலாவது நாடி. கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால் ஒரு நரம்பு உருளுவதுபோல ரத்தக்குழாய் தட்டுப்படும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் பெரிய குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60-ஐத் தாண்டினால் நிலைமை மோசம், காத்திருக்கக் கூடாது. குதிரை நன்றாக இருக்கும் நாட்களிலேயே இதைப் பழகிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. இரண்டாவது ஈறு. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் வெளிர் ரோஜா நிறமாக, ஈரமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். செங்கல் நிறமாகவோ நீலம் பாய்ந்தோ இருந்தால் உடம்புக்குள் விஷம் பரவுகிறது என்று அர்த்தம். மூன்றாவது வயிற்றோசை. விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் காதை வைத்தால் கடகடவென்று ஓசை வந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் நிசப்தமாக இருந்தால் அது நல்ல சேதி இல்லை.

உடம்புச் சூடு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மனிதனைவிடக் கொஞ்சம் அதிகம், அதைக் காய்ச்சல் என்று நினைத்துவிடக் கூடாது.

செய்யக் கூடாதது

வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கஷாயம், விளக்கெண்ணெய், மோர், சோடா எதுவும் வேண்டாம். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். மூங்கில் குழாயாலோ பாட்டிலாலோ தலையைத் தூக்கி ஊற்றும்போது பாதி நுரையீரலுக்குப் போகும். வயிற்று வலியிலிருந்து பிழைத்த குதிரை நாலாம் நாள் நுரையீரல் அழுகிச் சாகும். எண்ணெய் இன்னும் ஆபத்து, ஏனென்றால் அது உள்ளே போனால் குதிரைக்கு இருமல்கூட வராமல் போகலாம். இரண்டாவது காரணம், நான் முதலில் சொன்னதுதான். இரைப்பை ஏற்கெனவே நிரம்பி வழிய முடியாமல் நிற்கும்போது மேலும் இரண்டு லிட்டர் ஊற்றினால் அது வெடித்துவிடும். வெடித்த இரைப்பைக்கு வைத்தியமே இல்லை. இஞ்சியையும் பெருங்காயத்தையும் நான் குறை சொல்லவில்லை, போகும் வழிதான் தப்பு.

வலி ஊசியும் அப்படித்தான். ஃப்ளூனிக்ஸின் என்று ஒரு மருந்து உண்டு, கோலிக்குக்கு நல்ல மருந்து. சிலர் ஒரு குப்பியை வீட்டிலேயே வைத்திருந்து அவர்களே போட்டுவிடுகிறார்கள். அதைத் தசையில் போட்டால், ஊசி போட்ட இடத்தில் உயிருக்கே ஆபத்தான புண் வரலாம். நரம்பில் சரியாகப் போட்டாலும், வலி மறைந்து குதிரை அமைதியாக நிற்கும், உள்ளே முறுக்கிய குடல் கறுத்துக்கொண்டிருக்கும். மருத்துவர் வந்து பார்க்கும்போது அவருக்குத் தெரிய வேண்டிய அடையாளங்கள் எல்லாம் மூடிப்போயிருக்கும்.

நடக்க வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடத்தலாம், காற்று பிரிய உதவும், உருண்டு அடிபடுவதையும் தடுக்கும். விடிய விடிய நடத்தி அதைச் சோர்ந்து விழ வைக்கக் கூடாது. அமைதியாகப் படுத்தால் படுக்கட்டும். உருண்டால் குடல் முறுக்கிவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. பல நேரம் நடப்பது தலைகீழ்: முறுக்கு விழுந்த வலி தாங்காமல்தான் உருளுகிறது. வேகமாக உருளும் குதிரையின் பக்கத்தில் மட்டும் போகாதீர்கள். நம்மை மிதிக்க வேண்டும் என்று அது நினைக்காது, ஆனால் அந்த நேரத்தில் அதற்கு நாம் கண்ணில் படமாட்டோம்.

தீவனத்தை எடுத்துவிடுங்கள். லத்தி போட்டதா, கடைசியாக எப்போது, தீவனம் மாற்றினோமா என்பதை ஒரு தாளில் குறித்துவையுங்கள். தெரிந்த மருத்துவர் இல்லையென்றால் 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழைக்கலாம், கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்திக்கான எண் அது. அழைக்கும்போதே குதிரை என்றும், வயிற்று வலி என்றும் சொல்லுங்கள், அதற்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வர அது உதவும்.

மருத்துவர் என்ன செய்கிறார்

மூக்கு வழியாக ஒரு நீளமான குழாயை இரைப்பைவரை விடுவார். பார்க்கப் பயமாக இருக்கும். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் குழாய்தான் பல குதிரைகளைக் காப்பாற்றுகிறது. இரைப்பையில் தேங்கிய நீரும் காற்றும் அதன் வழியாக வெளியே வந்துவிடும். வாந்தி எடுக்க முடியாத விலங்குக்கு மருத்துவர் வாந்தி எடுத்துக்கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேக்கம் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு, அதே குழாயில் தண்ணீரும் பாரஃபின் எண்ணெயோ பேதி உப்போ விடுவார். நாம் பாட்டிலில் ஊற்ற நினைப்பதும் அவர் ஊற்றுவதும் சில நேரம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அவர் ஊற்றுவது நுரையீரலுக்குப் போகாது, நிரம்பிய வயிற்றிலும் விழாது.

தோள்வரை உறை மாட்டிக்கொண்டு பின்வழியாகக் கையை விட்டுக் குடலைத் தடவிப் பார்ப்பார். எங்கே இறுகியிருக்கிறது, எங்கே காற்று, எது இடம் மாறியிருக்கிறது என்பது பழகிய கைக்குத் தெரியும். நரம்பில் சலைன் ஏற்றுவார். மாட்டுக்கு ஒரு பாட்டில் ஏற்றுவதுபோல இல்லை, குதிரைக்குப் பல லிட்டர் வேண்டும். செவலைக்கு ஏற்றியபோது கொட்டகைத் தூணில் கயிறு கட்டி பாட்டில் மாற்றி பாட்டில் மாட்டினோம்.

பெரும்பாலான கோலிக் இந்த அளவிலேயே சரியாகிவிடும். மருந்துக்கும் வலி அடங்காமல், நாடி ஏறிக்கொண்டே போனால் வயிற்றைத் திறக்க வேண்டும். அந்த இடத்தில் நம் கரையின் தூரம் குறுக்கே நிற்கிறது. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது, ராமேஸ்வரத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். முறுக்கிய குடலுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. அதனால்தான் நமக்கு முதல் ஒரு மணி நேரம் மற்றவர்களைவிட முக்கியம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள்.

தீவனம், தண்ணீர், பல்

இந்தக் கரைக்குக் குதிரை புதிதில்லை. மாணிக்கவாசகரிடம் பாண்டிய மன்னன் பணம் கொடுத்து அனுப்பியது கடல்வழி வந்திறங்கும் குதிரைகளை வாங்கத்தான்; நரி பரியான கதையை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, பாண்டிய அரசர் ஆண்டுக்கு 2000-க்கு மேல் குதிரை வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்று எழுதிவைத்தார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்றும், விற்கும் வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை வர விடுவதில்லை என்றும் காரணம் சொன்னார். சோறும் வேகவைத்த இறைச்சியும்தான் தீவனம் என்றார். அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வறுத்த வாற்கோதுமையும் தானியமும் வெண்ணெய் கலந்து கொடுக்கிறார்கள், காய்ச்சிய பசும்பால் குடிக்க வைக்கிறார்கள் என்றார். வெளியூர்க்காரர்கள் சொன்னதில் மிகை இருக்கலாம். ஆனால் அந்தத் தீவனத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்தக் குதிரைகளுக்கு வயிறு வலித்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அரண்மனையில் அன்பாகத்தான் ஊட்டியிருப்பார்கள். இன்றைக்கும் கோயிலுக்கு வருகிறவர்கள் சவாரிக் குதிரைக்குப் பிரட்டும் பொங்கலும் வாழைப்பழச் சீப்பும் ஊட்டுவது அன்பினால்தான். மாவும் இனிப்பும் ஒரேயடியாகப் பெருங்குடலுக்குப் போனால் அங்கே உள்ள நுண்ணுயிர்கள் தாறுமாறாகும், காற்று அடைக்கும், குளம்புக்குள் வீக்கம் வந்து நடக்க முடியாமல்கூடப் போகும்.

குதிரைக்கு முதல் உணவு நார். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நாலரை முதல் ஆறு கிலோ காய்ந்த தீவனம், அல்லது அதற்கு ஈடான பச்சைப் புல் வேண்டும். அதை இரண்டு வேளையாக இல்லாமல் நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கொள்ளும் தவிடும் உழைப்புக்குத் தகுந்த சேர்மானம், அவ்வளவுதான். எந்த மாற்றத்தையும் ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். வயிறு நிறைய நல்ல நார் போய்க்கொண்டே இருந்தால் அதுவே மணலையும் தள்ளிக்கொண்டு போகும். இசப்கோல் உமியைக் கொடுப்பார்கள், அது சில குதிரைகளுக்கு உதவுகிறது. எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும். கோழித் தீவனத்தை எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள். அதில் கலக்கும் சில மருந்துகள் கோழிக்கு நல்லது, குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும்.

தண்ணீரைப் பற்றி நம் ஊரில் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். குதிரைக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும், வெயிலில் உழைத்தால் 40 வரை போகும். நம் கிணறுகள் பல உவர்ப்பு. தாகம் இருந்தாலும் குதிரை உவர்ப்புத் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும், சூடேறிய தண்ணீரையும் அப்படித்தான். குறைந்த தண்ணீரும் காய்ந்த வைக்கோலும் சேர்ந்தால் அடைப்பு. தனுஷ்கோடியில் மணலைத் தோண்டி ஊற்று எடுத்து நல்ல தண்ணீர் மொண்டுவரும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு குடத்தின் அருமை தெரியும். குதிரைக்கு இரண்டு மூன்று குடம் அதிலிருந்து கொடுப்பது பெரிய விஷயம்தான். கொடுக்க முடியாது என்றால் வளர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பல்லை யாரும் பார்ப்பதில்லை. குதிரைக்குக் கடைவாய்ப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், ஓரம் கத்திபோலக் கூர்மையாகும். மெல்லும்போது கன்னம் கிழியும், அதனால் மெல்லாமல் விழுங்கும். மெல்லாத வைக்கோல் அந்தக் கொண்டை ஊசி வளைவில் போய் நிற்கும். வருடத்துக்கு ஒரு தடவை மருத்துவரைக் கூப்பிட்டு அரம் போட்டுத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். வாயிலிருந்து பாதி மென்ற புல் உருண்டையாக விழுந்தால் தேதி பார்க்காமல் உடனே கூப்பிடுங்கள். குடற்புழு மருந்தும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம், லத்தியைச் சோதித்துப் பார்த்துக் கொடுப்பது நல்லது.

செவலை விடியற்காலை ஐந்தரை மணிக்கு லத்தி போட்டது. நாலே உருண்டை, பாரஃபின் பளபளப்போடு. நாங்கள் மூன்று பேரும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். மாமா அழுதார். அடுத்த நாள் தச்சரைக் கூப்பிட்டு, குதிரையின் நெஞ்சு உயரத்துக்குக் கீழே மரத்தொட்டி அடித்தார், கவிழாதபடி நாலு காலையும் சிமெண்டில் பதித்தார். தொட்டியைச் சுற்றித் தரையில் பழைய ரப்பர் பாய் போட்டார், சிதறினாலும் மணலில் விழாது. கொள்ளுத் தட்டு அன்றைக்கே வீட்டுச் சமையலறைக்குத் திரும்பிவிட்டது.

இப்போது கொட்டகைச் சுவரில் கழுத்து வெட்டிய பாட்டில் ஒன்று தொங்குகிறது. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாமா அதில் லத்தியைக் கரைத்து வைப்பார். போன மாதம் நான் போயிருந்தபோது அடியில் நூல் அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரல் நகத்தை வைத்து அளந்து பார்த்தார். "போன தடவையைவிடக் கம்மி மாப்ள" என்று சொல்லிவிட்டு, அதைத் தென்னைமரத்தடியில் கொட்டிவிட்டு, தொட்டியைக் கழுவப் போனார்.